நகரக் குப்பையை எரித்துத் தீர்த்துவிட முடியுமா?

கேள்வி இரண்டு பகுதிகளாக இருக்கிறது. சென்னை போன்ற நகரங்களில் ஆண்டுதோறும் பல கோடி ரூபாய் செலவழித்தும் குப்பைமேடு ஏன் குறையவில்லை என்பது ஒன்று. ஜப்பானும் சிங்கப்பூரும் செய்வதுபோல எரித்து மின்சாரம் எடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சமையலறையிலிருந்து வரும் ஈரக் குப்பை மற்றவற்றோடு ஒரே வாளியில் விழுவதும், அப்படிக் கலந்த குப்பையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்வதற்கே நகராட்சிப் பணம் பெரும்பாலும் செலவாவதும்தான் நோயின் வேர். மற்றவை யாவும், எரிஉலை உட்பட, அதற்குப் பிறகு பேச வேண்டியவை.

முதலில் அளவைப் பார்ப்போம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21ஆம் ஆண்டறிக்கைப்படி இந்திய நகரங்களில் நாளொன்றுக்குச் சுமார் 1,60,000 டன் திடக்கழிவு உருவாகிறது. அதில் ஏறத்தாழ 1,52,700 டன் சேகரிக்கப்படுகிறது. சுமார் 80,000 டன் பதப்படுத்தப்படுகிறது. சுமார் 29,400 டன் நிலத்தில் கொட்டப்படுகிறது. மீதமுள்ள ஐம்பதாயிரம் டன் எங்கே போனது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. ஓடையிலும் ஏரிக்கரையிலும் காலி மனையிலும் போய்ச் சேர்ந்ததும், தெருமுனையில் கொளுத்தப்பட்டதும் அதற்குள் அடக்கம் என்று கொள்வதில் தவறில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று: சேகரிப்பு 95 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. குப்பையை அள்ளுவதில் நாம் தோற்கவில்லை. அள்ளிய பிறகு என்ன செய்வது என்பதில்தான் தோற்றிருக்கிறோம். தெருவில் குப்பை கிடக்கிறதே என்று கோபப்படும் குடிமகன், அது கண்ணில் படாமல் போனதும் அமைதியாகிவிடுகிறான். நகராட்சிகளும் அந்த அமைதியை வாங்குவதற்கே பழகிவிட்டன.

தனிமனிதக் கணக்கில் பார்த்தால் நாம் அதிகம் குப்பை போடுபவர்கள் அல்லர். உலக வங்கி 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி 2016ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 201 கோடி டன் நகரக் கழிவு உருவானது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 0.74 கிலோ என்பது உலகச் சராசரி. இந்திய நகரங்களில் இது பெரும்பாலும் 0.3 முதல் 0.6 கிலோவுக்குள் அடங்கிவிடும். வேறுபாடு அளவில் மட்டுமன்று, தன்மையிலும் இருக்கிறது. செல்வம் மிகுந்த நாடுகளின் கழிவில் உணவும் இலைதழையும் மூன்றில் ஒரு பங்குதான். காகிதம், அட்டை, பிளாஸ்டிக் போன்ற உலர்பொருள்கள் பாதிக்கு மேல். வளரும் நாடுகளிலோ உணவுக்கழிவும் தழையும் மட்டுமே பாதியைத் தாண்டிவிடுகின்றன. காய்கறித் தோல், சோறு, மீன் கழிவு, வாழையிலை, தேங்காய் மட்டை, பூ, அவற்றோடு தெருப் பெருக்கலில் வந்து சேரும் மண் ஆகியவைதான் நம் ஊர்க் குப்பையின் உடல். பிளாஸ்டிக் கண்ணை உறுத்துவதால் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது, நாடு முழுவதும் 2022 ஜூலையில் வந்தது. தேவையான தடைதான். ஆயினும் குப்பைக்கிடங்கை ஆபத்தாக்குவது முதன்மையாகப் பிளாஸ்டிக் அன்று, அதோடு கலந்த சோறுதான்.

ஈரக் குப்பை காற்றுப்படும்படி குவிந்தால் மக்கி உரமாகும். பல மீட்டர் உயரத்துக்கு அமுக்கி வைத்தால் உள்ளே காற்று புகாது. அப்போது அது அழுகி மீத்தேன் வாயுவை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்குவது. அத்தோடு கறுத்த கசிவுநீர் ஒன்றும் அடியில் இறங்கும். மின்கலம், குழல்விளக்கு, பெயின்ட் டப்பா எல்லாம் அதே குவியலில் கிடப்பதால், அமிலத்தன்மை கொண்ட அந்தக் கசிவுநீர் அவற்றிலுள்ள உலோகங்களையும் கரைத்துக்கொண்டு போகும். சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு அமைந்திருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற, தென்சென்னையின் மழைநீரைத் தாங்கும் அந்தச் சதுப்பின் ஒரு பகுதியில்தான் நகரம் பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டியது. சதுப்பு நிலம் ‘வெற்று நிலம்’ என்று ஆவணங்களில் எழுதப்பட்டதன் விலை அது.

இத்தகைய மேடுகள் சரிவதும் எரிவதும் விபத்து என்று செய்தியில் வருகின்றன. அவை எதிர்பார்க்க வேண்டிய விளைவுகள். 2017 மார்ச் 11 அன்று எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவின் கோஷே குப்பைமேடு சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த மாதம் 14ஆம் தேதி, புத்தாண்டு நாளில், கொழும்பின் மீதொட்டமுல்லையில் மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் புதைந்தனர். செப்டம்பர் 1 அன்று தில்லியின் காஜிப்பூரில் சரிந்தது. மூன்றிலும் காரணம் ஏறத்தாழ ஒன்றுதான்: செங்குத்தான சரிவு, உள்ளே தேங்கிய நீர், வாயு அழுத்தம், வேறு இடம் இல்லாததால் மேலே மேலே கொட்டிக்கொண்டே போனது. தீயும் அப்படியே. 2016 ஜனவரியில் மும்பையின் தேவ்னார் எரிந்த புகை செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது. 2022 ஏப்ரலில் பெருங்குடி நாள் கணக்கில் புகைந்தது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் ஏறத்தாழ பன்னிரண்டு நாள் எரிந்து நகரத்தையே மூச்சடைக்க வைத்தது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மீத்தேன் உள்ளே இருக்கும்வரை யாரும் தீ வைக்கத் தேவையில்லை. ஒரு கோடை போதும்.

சட்டம் இல்லாமல் இல்லை. சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாகவே 2000ஆம் ஆண்டு நகரத் திடக்கழிவு விதிகள் வந்தன. அவை கழிவைப் பதப்படுத்தும் ஆலைகளை 2003 முடிவதற்குள் அமைத்துவிட வேண்டும் என்று கெடு வைத்தன. கெடு கடந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த 2016ஆம் ஆண்டு விதிகள் இன்னும் தெளிவாக இருந்தன: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தருவது குப்பையை உண்டாக்குபவரின் கடமை, நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் உண்டாக்கும் உணவகம், திருமண மண்டபம், அடுக்ககம் போன்றவை தம் ஈரக் கழிவைக் கூடுமானவரை தம் வளாகத்திலேயே கையாள வேண்டும், எதற்கும் உதவாத எச்சம் மட்டுமே நிலத்தில் புதைக்கப்பட வேண்டும் என்றன. எழுத்தில் குறை சொல்ல அதிகமில்லை.

பின் ஏன் நடக்கவில்லை என்றால், பணம் எந்த வழியில் பாய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நம் நகரங்களின் கழிவுச் செலவில் பெரும்பகுதி தெருப் பெருக்கலுக்கும் சேகரிப்புக்கும் போகிறது. அடுத்த பெரும் பங்கு லாரிக்கும் டீசலுக்கும். இறுதிக் கட்டத்துக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம். தனியாருக்கு விடும்போது பல காலம் ஒப்பந்தங்கள் டன் கணக்கில் எழுதப்பட்டன. எடைமேடையில் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு காசு. இப்படி எழுதப்பட்ட ஒப்பந்தத்தில், ஒரு தெரு தன் ஈரக் குப்பையை அங்கேயே உரமாக்கினால் ஒப்பந்ததாரருக்கு வருமானம் குறையும்; கட்டட இடிபாடும் ஈர மண்ணும் சேர்ந்தால் கூடும். குப்பை குறைவதால் நட்டப்படுகிறவரிடமே குப்பையைக் குறைக்கும் வேலையைக் கொடுத்திருந்தோம். சென்னையில் 2020இல் தொடங்கிய ஒப்பந்தங்கள் எடையை விட்டு விலகிப் பணித்தரக் குறியீடுகளின்படி பணம் தரும் முறைக்கு மாறின. இது சரியான திசைதான் என்றாலும், அந்தக் குறியீடுகளில் பிரித்து வாங்குவதற்கு எவ்வளவு மதிப்பெண், தெரு தூய்மையாகத் தெரிவதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதே விளைவைத் தீர்மானிக்கும்.

வருவாய்ப் பக்கமும் இதே கதைதான். வீடுகளிடம் கழிவுக் கட்டணம் வாங்கப்போவதாகச் சென்னை மாநகராட்சி 2020 டிசம்பரில் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அது நிறுத்தி வைக்கப்பட்டது. அரசியல் காரணம் புரிகிறது. ஆனால் பிரித்துக் கொடுப்பவருக்கும் கலந்து கொடுப்பவருக்கும் ஒரே செலவு, அதாவது இருவருக்கும் செலவே இல்லை என்ற நிலையில், பிரிப்பது நல்லெண்ணம் உள்ளவர்களின் பொழுதுபோக்காகவே நின்றுவிடும்.

இனி எரிப்பதற்கு வருவோம். கலந்த நம் ஊர்க் குப்பையில் எடையில் பாதியளவு ஈரம் இருப்பது வழக்கம். ஒரு கிலோ நீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைத்து ஆவியாக்க ஏறத்தாழ 610 கிலோ கலோரி வேண்டும். ஆக ஒரு கிலோ குப்பையிலுள்ள அரைக் கிலோ நீரை விரட்டவே 300 கிலோ கலோரி போய்விடும். மீதியிலும் மண்ணும் கல்லும் எரியாமல் சூட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும். ஈர விறகை அடுப்பில் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தில்லியின் திமார்பூரில் 1987இல் டென்மார்க் உதவியோடு கட்டப்பட்ட எரிஉலை, நாளொன்றுக்கு 300 டன் எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் தர வேண்டியது. அதற்கு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1,460 கிலோ கலோரி வெப்பமதிப்புள்ள குப்பை தேவைப்பட்டது; வந்து சேர்ந்த குப்பையில் இருந்ததோ 600, 700 தான். சுமார் மூன்று வாரம் ஓடிய பின் மூடிவிட்டார்கள். இயந்திரம் பழுதானது அன்று. அந்த இயந்திரம் தயாரிக்கப்பட்ட நாட்டின் குப்பையும் தில்லியின் குப்பையும் வேறு வேறு பொருள்கள்.

இன்றைய ஆலைகள் அன்றைய ஆலைகள் அல்ல, நகரக் குப்பையில் பிளாஸ்டிக்கும் கூடியிருக்கிறது என்று சொல்வார்கள். உண்மை. 2016 விதிகளும் 1,500 கிலோ கலோரிக்கு மேல் வெப்பமதிப்புள்ள, மறுசுழற்சிக்கு உதவாத கழிவைப் புதைக்காமல் எரிபொருளாகப் பயன்படுத்தச் சொல்லியிருந்தன. பல அடுக்குப் பிளாஸ்டிக் உறை, கிழிந்த துணி, தேய்ந்த செருப்பு போன்றவற்றுக்கு வேறு வழி இல்லை. அவை அரியலூர் போன்ற இடங்களின் சிமென்ட் சூளைகளுக்கு எரிபொருளாகப் போவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘மறுசுழற்சிக்கு உதவாத’ என்ற நிபந்தனைதான் உயிர். எரிஉலைக்கு வேண்டிய சூடு அட்டையிலும் காகிதத்திலும் பிளாஸ்டிக்கிலும் இருக்கிறது. அவை காயலான் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கும் பொருள்கள். ஆலையைக் கட்டுபவர் நாள்தோறும் இத்தனை டன் தருவதாக நகராட்சியிடம் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு உறுதி கேட்பார். அந்தக் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து குப்பையைக் குறைப்பது நகராட்சிக்கே நட்டமாகிவிடும். டையாக்சின் போன்ற நச்சுகளைத் தடுக்க உலைவாயு 850 பாகை செல்சியஸுக்கு மேல் குறைந்தது இரண்டு விநாடி நிற்க வேண்டும். ஈரக் குப்பை வரும் மழைக்காலத்தில் அதைக் காப்பது எளிதன்று. ஜப்பான் எரிப்பது மெய்; எரியும் குப்பை, எரியாத குப்பை, பாட்டில், தகரம் என்று வீட்டிலேயே பிரித்து, குறித்த கிழமையில் மட்டும் வைத்த பிறகு எரிக்கிறார்கள். நாம் இரண்டாவது படியை மட்டும் இறக்குமதி செய்யப் பார்க்கிறோம்.

பிரிப்பது நம் மக்களால் முடியாது என்பது அடுத்து வரும் வாதம். கேரளத்தின் ஆலப்புழையைப் பாருங்கள். நகரத்தின் குப்பை சர்வோதயபுரம் என்ற இடத்தில் கொட்டப்பட்டு வந்தது. அங்குள்ளவர்கள் லாரிகளை மறித்தனர். நகரத்துக்கு வேறு கிடங்கு கிடைக்கவில்லை. 2012இல், அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் தாமஸ் ஐசக் முன்னின்று நடத்திய முயற்சியில், ஈரக் குப்பை நகரை விட்டு வெளியே போகாது என்று முடிவு செய்தார்கள். வீட்டுக்குக் குழாய் உரம் அல்லது சாண எரிவாயுக்கலன் போன்ற சிறுகலன், இடமில்லாதவர்களுக்குத் தெருவோரக் காற்றோட்ட உரத்தொட்டி. சருகு ஓர் அடுக்கு, குப்பை ஓர் அடுக்கு, சாணத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்க் கரைசல், மீண்டும் சருகு. சருகு போதிய அளவு இருந்தால் நாற்றம் வராது. இந்த ஒரு சிறு நுட்பத்தைக் கவனிக்காததால்தான் தமிழ்நாட்டில் பல நுண்ணுரக் கூடங்கள் அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பில் முடங்கின. 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று. ஆலப்புழை சிறிய நகரம், சென்னைக்கு அது பொருந்தாது என்பார்கள். சென்னை 200 வார்டுகள் கொண்டது. ஒவ்வொரு வார்டும் ஒரு சிறிய நகரம்தான்.

பெரிய அளவில் செய்ய விரும்பினால் இந்தோர் இருக்கிறது. பிரித்து வாங்குவதைக் கறாராகச் செயல்படுத்திய பின்னரே, 2022 பிப்ரவரியில் நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவிலிருந்து சுமார் 17,000 கிலோ அழுத்த எரிவாயு எடுக்கும் ஆலை அங்கே திறக்கப்பட்டது; நகரப் பேருந்துகள் அதில் ஓடுகின்றன. ஆலை அங்கே ஓடுவதற்குக் காரணம் அதன் தொழில்நுட்பம் அன்று, அதற்குள் போகும் ஈரக் குப்பை ஏறக்குறையத் தூய ஈரக் குப்பையாக இருப்பதுதான். கலந்த குப்பையிலிருந்து எடுத்த உரத்தில் கண்ணாடித் துண்டும் உலோகமும் இருக்கும். உழவர் ஒருமுறை வாங்குவார், மறுமுறை வாங்கமாட்டார்.

இதில் அதிகம் பேசப்படாதவர்கள் உழைப்பவர்கள். புனேயில் குப்பை பொறுக்குவோர் 1993இல் சங்கமானார்கள். அச்சங்கத்திலிருந்து உருவான ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு 2008 முதல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்து வீடுவீடாகக் குப்பை வாங்குகிறது. மாதக் கட்டணமும், உலர்பொருளை விற்ற காசும் அவர்களுக்கே. பிரித்துக் கொடுக்காத வீட்டால் நேரடியாக நட்டப்படுகிறவர் கதவருகே நிற்பதால் பிரிப்பு தானே நடக்கிறது. சென்னைக்கும் இதற்கு ஒப்பான முன்கதை உண்டு: 1989இல் எம். பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருவாசிகள் மாதம் சிறு தொகை தந்து தம் தெருவுக்கென ஒருவரை மூன்றுசக்கர வண்டியுடன் அமர்த்தும் முறையைப் பரப்பியது. அதை மாநகராட்சி தன் அமைப்புக்குள் வளர்த்தெடுத்திருக்கலாம். மாறாக, பெரிய ஒப்பந்தங்களின் பக்கம் போனது. 2025 ஆகஸ்டில் இரண்டு மண்டலங்களின் பணியைத் தனியாருக்கு விடுவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்தனர். 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அகற்றியது. ஊதியமும் வேலைப் பாதுகாப்பும் குறைந்துகொண்டே போகும் ஒருவரிடம், ஒவ்வொரு வாசலிலும் நின்று பொறுமையாகப் பிரிக்கச் சொல்லும்படி எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பழைய மேடுகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்டில் ஏறத்தாழ 15,000 ஏக்கரில் 16 கோடி டன் பழைய குப்பை கிடப்பதாக மத்திய அரசு கணக்கிட்டு, 2021 அக்டோபரில் தொடங்கிய தூய்மை இந்தியா இரண்டாம் கட்டத்தில் அவற்றை அகழ்ந்து பிரிக்கத் திட்டமிட்டது. பயோமைனிங் என்று சொல்லப்படும் இம்முறையில் மேட்டைக் கிளறிக் காயவைத்து, சுழலும் சல்லடைகளில் சலித்து, மண், எரிபொருளாகும் உலர்பொருள், கல் என்று பிரிக்கிறார்கள். வடசென்னையின் கொடுங்கையூர்க் கிடங்கில் மட்டும் சுமார் 66 லட்சம் டன்னைப் பிரிக்க ஏறத்தாழ 640 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. அதாவது என்றோ வீசிய ஒவ்வொரு டன்னுக்கும் இன்று ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக மீண்டும் ஒருமுறை கொடுக்கிறோம். நல்ல வேலைதான். ஆனால் ஒரு பக்கம் அகழ்ந்துகொண்டே மறுபக்கம் அன்றாடக் கலப்புக் குப்பையைக் கொட்டினால் அது முடிவில்லாத ஒப்பந்தமாகிவிடும்.

அதே கொடுங்கையூரில் எரிஉலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி அமைத்தார்கள். அனல்மின் நிலையங்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் ஏற்கெனவே சூழ்ந்த பகுதி அது; எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. அங்கோ வேறெங்கோ இத்தகைய ஆலை முன்மொழியப்படும்போது ‘வேண்டும், வேண்டாம்’ என்று தொடங்குவதற்கு முன், நகராட்சியிடம் நான்கு ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம்: மழைக்காலத்திலும் கோடையிலும் தனித்தனியே அளந்த குப்பையின் ஈரப்பதமும் வெப்பமதிப்பும்; நாள்தோறும் இத்தனை டன் தருவதாக நகராட்சி கொடுக்கும் உறுதி, அது தவறினால் செலுத்த வேண்டிய தொகை; உலைவாயு அளவீடுகள் பொதுமக்களுக்கு நேரடியாகத் தெரியும் ஏற்பாடு; மிஞ்சும் சாம்பல் எந்த ஊரில், எந்த நிலத்தில் போய்ச் சேரும் என்ற விவரம். முதல் ஆவணத்தில் ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டை ஒட்டி இருந்தால் மற்ற மூன்றையும் படிக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தை வார்டுதோறும் ஈரக் குப்பையைத் தனியே வாங்கும் வண்டிக்கும், அதை ஓட்டுபவரின் சம்பளத்துக்கும், உரத்தொட்டிக்கும், அதற்குச் சருகு கொண்டுவந்து சேர்ப்பதற்கும் ஒதுக்கச் சொல்லிக் கேட்பதே பொருத்தம்.